வேலைச் சீட்டு

ஜெலுத்தோங், பி பிளாக், பதினான்காம் மாடி.
புகார்: தேனீ.
அளவு: ஒரு கால்பந்து.
அவசரம் என்று சிவப்பில் இரண்டு கோடு.

இதுதான் என் தொழில்.
கரப்பான், கறையான், கொசு;
மூட்டைப்பூச்சிக்குத் தனிக் கட்டணம்.
பதினோரு வருஷமாக
யார் கேட்டாலும் ஒரே பதில்:
மருந்தடிக்கப் போகிறேன்.

மருந்து.
நம் பாஷைக்குத்தான் எவ்வளவு தாராள மனசு,
கொல்வதற்கும் அதே சொல்லைக் கொடுத்துவிட்டது.

சின்னவனுக்கு இருமல்.
சூரணத்தைத் தேனில் குழைத்து
நாக்கில் தடவிக்கொண்டிருந்தாள் செண்பகவல்லி.
அந்த வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான்
தேனுக்கே மருந்து வைக்கக் கிளம்பினேன்.

லிப்ட் வேலை செய்யவில்லை.
முதுகில் பதினாறு லிட்டர்.
ஒன்பதாவது மாடியில் மூச்சு வாங்க நின்றேன்.
பெயிண்ட் வாளியில் யாரோ பாகல் போட்டிருந்தார்கள்.
கம்பி முழுக்க மஞ்சள் பூ,
விரல் நீளத்தில் நான்கு காய்.
யார் காய்க்க வைத்தது என்று
கேட்கத் தோன்றவில்லை. முட்டி வலித்தது.

மேலே, தண்ணீர்க் குழாயில்
காம்போடு தொங்கும் பலா போல இருந்தது.
ஆனால் மூச்சு விட்டது.

பதினான்கு-ஆறின் கதவிடுக்கில் ஒரு கண்:
"சீக்கிரம் லா, பாஸ்."

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
அடை இல்லை, ஒரு அறைகூட இல்லை.
பயிற்சி வகுப்பில் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தார்கள்:
அடை இல்லாத கொத்து வழிப்போக்கர்,
இரண்டு மூன்று நாளில் தானே போய்விடும்.
பரீட்சையில் அது வரவில்லை.

கொத்தின் முதுகில் ஒன்று நடந்தது,
வாலைச் சிலுப்பி, இடப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு.
சுற்றி வந்து மறுபடி அதே கோடு.
இன்னொன்று நேர் மேலே.
பார்த்து வந்த வீட்டைச் சொல்கின்றனவாம்.
மற்றவை தொட்டுத் தொட்டுக் கேட்டன.
ஒருத்தி சொன்னதை
நாலு பேர் பறந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.
எங்கள் பிளாட் கூட்டத்தில் நாற்காலிகூடப் பறக்கும்.

நானும் வீட்டுக்கு மனு போட்டிருக்கிறேன்,
இரண்டு வருஷம் ஆகிறது.
விசிறியின் விசையில் விரல் இருந்தது.
அழுத்தவில்லை.

கூ ஸார் போனில் கத்தினார்:
"மூன்று நாள் சும்மா இருக்க யார் காசு கொடுப்பது?"
சிவப்பு வெள்ளை நாடா கட்டினேன்.
நெருங்க வேண்டாம், தானே போய்விடும் என்று
மூன்று பாஷையில் எழுதி ஒட்டினேன்.
மூன்றிலும் எழுத்துப்பிழை இருந்திருக்கும்.

மறுநாள் வேலை நேரத்துக்கு முன்பே போனேன்.
நாடா அறுந்து கிடந்தது.
மளிகைக் கடை ஸ்பிரே டப்பா இரண்டு, காலி.
தரையில் பாதிக் கொத்து.
மீதி எங்கே போனதோ,
ராணி எந்தப் பாதியில் இருந்தாளோ.

முறத்தில் அள்ளினேன்.
எடையே இல்லை.
ஆயுள் முழுக்க உழைத்தும்
ஒரு கரண்டித் தேன் நிறைக்காத உடம்புகள்.
ஒன்று மட்டும் டைல்ஸ் மேல்
வாலைச் சிலுப்பி ஒரு விரற்கடை நடந்து நின்றது.
எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது.
தெரிந்திருந்தாலும்
அந்த முகவரியைச் சீட்டில் எழுதியிருக்க மாட்டேன்.

சீட்டில் எழுதியது: வேலை முடிந்தது.
நாற்பது ரிங்கிட் போனஸ் வந்தது.
வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்து அதே பிளாக், கரப்பானுக்கு.
லிப்டைச் சரிசெய்திருந்தார்கள்.
என்ன நினைத்தேனோ,
ஒன்பதை அழுத்தி இறங்கினேன்.

கம்பி முழுக்க மஞ்சள் பூ, அன்றைவிட அதிகம்.
காய் ஒன்றுகூட இல்லை.
பூவோடு வரும் பிஞ்சுகள்
பழுத்து, சுருங்கி, வாளியைச் சுற்றிக் கிடந்தன.
ரொக்கியா அக்கா குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.
என் முதுகு டப்பாவைப் பார்த்து முகம் மலர்ந்து
மலாயில் கேட்டார்
(அந்தப் பாஷையிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான்):

"தம்பி, இதற்கு ஏதாவது
மருந்து வைத்திருக்கிறாயா?"